நிறக்கலப்பும் நெட்டுருவும்

மூடநம்பிக்கை எங்கே பிறக்கிறது என்று வினவினால், கோவிற் கருவறையில் என்பாரும், சோதிடன் வீட்டுத் திண்ணையில் என்பாரும், பாட்டிமார் கதையில் என்பாரும் உளர். இவற்றை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இவற்றோடு இன்னும் ஓர் இடத்தைச் சேர்த்து எண்ணுதல் வேண்டும் என்பதே நம் கருத்து. அவ்விடம் ஐந்து வயதுப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் பாலர் வகுப்பு. அவ்வகுப்பின் சுவரில் தொங்கும் நிற அட்டையையே நாம் இன்று வழக்கு மன்றத்தில் நிறுத்துகின்றோம். ஒரு காகித அட்டையின்மேல் இத்தனை சினமா என்று நகைப்பவர், முடிவுவரை படித்துப் பின் நகைப்பாராக.

அட்டை யாவரும் அறிந்ததே. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் செம்மஞ்சள். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. நீலமும் சிவப்பும் சேர்ந்தால் ஊதா. பிள்ளைகள் இதனைப் பெருக்கல் வாய்ப்பாடு போல் ஓதுகின்றனர். ஓதி முடித்ததும், வட்டங்கள் அச்சிட்ட தாள் ஒன்று கொடுக்கப்படுகிறது. முதல் வட்டத்தில் சிவப்புக் கிரேயான். இரண்டாவதில் மஞ்சள் கிரேயான். மூன்றாவதில், பெட்டியில் ஆயத்தமாய்க் கிடக்கும் செம்மஞ்சள் கிரேயான். பாடம் முடிந்தது. கலத்தல் என்னும் செயல் நிகழ்ந்ததா? இல்லை. ஒரு துளி வண்ணமாவது மற்றொரு துளியோடு சேர்ந்ததா? இல்லை. ஆயினும், "நிறக்கலப்பு கற்பிக்கப்பட்டது" என்று பாடக் குறிப்பில் எழுதப்படுகிறது. நெருப்பென்று சொன்னால் வாய் வெந்துவிடாது. கலப்பென்று சொன்னால் நிறமும் கலந்துவிடாது.

ஆசிரியர் சிலர் இதனினும் ஒரு படி மேலே சென்று, போஸ்டர் வண்ணக் குப்பிகளைத் திறந்து வைக்கின்றனர். அவர்க்கு நம் வணக்கம். ஆனால் நம் வழக்கின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. பிள்ளை சிவப்பையும் நீலத்தையும் குழைக்கிறது. வருவது ஊதாவா? பல வேளைகளில் அன்று. மலிவான வண்ணங்கள் பல, குழைத்தவுடன் கறுத்த பழுப்பாகி, மழைக்காலத்துத் தோட்டப் பாதையைப் போல் ஆகிவிடுகின்றன. பிள்ளை கண்டதைக் கண்டபடி, "டீச்சர், சேறு" என்கிறது. "சேறு இல்லை, ஊதா, அட்டையைப் பார்த்து எழுது" என்பதே அதற்குக் கிடைக்கும் விடை.

இங்கே பிழைத்தது யார்? பிள்ளையின் கண் பிழைக்கவில்லை. வண்ணப் பொருள் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கி, எஞ்சியதைத் திருப்பி அனுப்புகிறது. திரும்பி வரும் அவ்வொளியே நாம் காணும் நிறம். இரண்டு வண்ணங்களைக் குழைத்தால், இரண்டும் விழுங்குகின்றன. எஞ்சி வருவது குறைகின்றது. கடையில் வாங்கிய சிவப்பு மஞ்சட் சாயல் உடையதாகவும், நீலம் பச்சைச் சாயல் உடையதாகவும் இருப்பின், ஊதாவுக்கு வேண்டிய ஒளியில் பெரும்பகுதி கலப்பிலேயே மடிந்துபோகும். ரோஜாச் சாயலுள்ள சிவப்பும், ஊதாச் சாயலுள்ள நீலமும் கிடைத்தாலன்றித் தெளிந்த ஊதா பிறவாது. சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மூன்றே மூல நிறங்கள் என்பது ஓவியர் கைக்கொண்ட வழக்கு, இயற்கையின் சட்டமன்று. ஐயமுண்டாயின் அச்சகத்தாரைக் கேட்டுப் பாருங்கள். வண்ணப் படம் அச்சிட அவர்கள் வைத்திருப்பவை சியான் என்னும் பசுநீலம், மஜெந்தா என்னும் செவ்வூதா, மஞ்சள், கருமை ஆகிய நான்கு மைகள். அட்டையின் சிவப்பும் நீலமும் அவர்தம் மூல மைகளுள் இல்லை.

ஆகவே, பிள்ளை கண்டது மெய். அட்டை சொன்னது அரை மெய். அரை மெய்யைக் காப்பதற்காக முழு மெய்யை அடித்துத் துரத்துகின்றோம். அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொண்டது யாது? கண் முன்னே சேறு கிடந்தாலும், சுவரில் எழுதியிருப்பது ஊதா என்றால், வாய் ஊதா என்றே சொல்லவேண்டும் என்பதே. இதனினும் நேர்த்தியான மூடநம்பிக்கைப் பயிற்சியை எந்தப் பூசாரியாலும் வகுக்க முடியாது. ஐந்து வயதில் கண்ணை நம்பாதே என்று பழக்கிவிட்டு, இருபத்தைந்து வயதில் "பகுத்தறிவைக் கொண்டு ஆராய்ந்து பார்" என்று மேடையேறி முழங்குவதால் என்ன பயன்? 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. இராமசாமி பினாங்குத் துறையில் வந்திறங்கியது முதல், சீர்திருத்தம் என்னும் சொல் இந்நாட்டுத் தமிழர் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அவ்வொலி பாலர் வகுப்பின் வாயிற்படியைத் தாண்டி உள்ளே புகவேண்டாமா?

நிறத்தைக் கண்ணால் ஆராய்ந்தே உலகப் புகழ் எய்திய தமிழர் ஒருவரை இங்கே நினைவூட்டுகின்றோம். திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டில் பிறந்த சி. வி. இராமன், கல்கத்தாவில் அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஓய்வு நேரத்தில் ஆராய்ச்சி செய்தவர். 1917இல் அவ்வுத்தியோகத்தைத் துறந்து பேராசிரியரானவர். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று வினவினார். வானத்தின் நீலமே நீரில் எதிரொளிக்கிறது என்பது அக்காலத்துப் பேரறிஞரான ரேலே பிரபுவின் விளக்கம். அதனை ஓதி ஒப்பித்துவிட்டு இராமன் வாளா இருக்கவில்லை. நிக்கோல் பட்டகம் என்னும் சிறு கருவியால் நீரின் மேற்பரப்பிலிருந்து வரும் எதிரொளியை நீக்கிவிட்டுக் கடலைப் பார்த்தார். அப்பொழுதும் கடல் நீலமாகவே இருந்தது! நீரே ஒளியைச் சிதறச் செய்கிறது என்னும் முடிவுக்கு வந்தார். அந்த வழியே நடந்து 1928இல் தம் பெயரால் வழங்கும் ஒளிச்சிதறலைக் கண்டார். 1930இல் நோபெல் பரிசு பெற்றார். சுவரில் தொங்கிய அட்டையை அவர் நம்பியிருந்தால் கடலின் நீலம் வானத்தின் கடனாகவே இருந்திருக்கும். இராமன் பெயரைப் பள்ளி விழாக்களில் பாராட்டும் நாம், அவர் செய்த செயலைச் செய்யும் ஐந்து வயதுப் பிள்ளையை அதட்டுகின்றோம்.

இது தமிழ்ப் பள்ளிக்கே உரிய குறை என்று சில நகரத்தார் முணுமுணுப்பர். நாம் உடன்படோம். நாம் ஆங்கில வழியில் பயின்றவர். அங்கும் இதே அட்டைதான் தொங்கியது. ஊதா என்பதற்குப் பதிலாகப் பர்ப்பிள் என்று ஓதினோம், அவ்வளவே வேற்றுமை. மொழி மாறினால் நெட்டுரு மெய்யறிவாகிவிடாது. 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் முதற்படியாகக் கொண்டு 2016இல் இருநூறாண்டு நிறைவைக் கொண்டாடினோம். அந்நெடுங்காலத்தின் பெரும்பகுதியில் பள்ளிகள் வேண்டியது என்ன? நகரத்துப் பள்ளி ஏடெழுதும் கிராணியை வேண்டிற்று. தோட்டத்துப் பள்ளி சொன்னதைக் கேட்கும் கூலியை வேண்டிற்று. இருவர்க்கும் கண் வேண்டுவதில்லை. கையும் பணிவும் போதும். நாம் தோட்ட அலுவலகத்தில் நகலெடுத்துப் பிழைப்பவர். நகலின் மதிப்பை அறிவோம். ஒரு பேரேட்டிலுள்ள தொகை மற்றொரு பேரேட்டில் மாறாமல் ஏறவேண்டும், அது முறை. ஆனால் பிள்ளையின் உள்ளம் பேரேடன்று.

இனி, வண்ணந்தீட்டும் போட்டி என்னும் திருவிழாவுக்கு வருவோம். பொங்கலா, தீபாவளியா, சிறுவர் தினமா, சங்கத்தின் ஆண்டு விழாவா, எதுவாயினும் மண்டபத்தின் ஒரு மூலையில் பிள்ளைகளை வரிசையாய் அமர்த்தி, யாரோ வரைந்த பானையையும் கரும்பையும் அச்சிட்ட தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்கின்றோம். கோட்டைத் தாண்டாத பிள்ளைக்குக் கோப்பை. தாண்டிய பிள்ளைக்குக் கடலை மிட்டாய். பின்னால் நின்று தாயார் "இலைக்குப் பச்சை அடி" என்று கட்டளையிடுவதும் உண்டு. விக்டர் லோவன்பெல்ட் என்னும் கல்வியறிஞர், பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியை ஆராய்ந்து 1947இல் வெளியிட்ட நூலில், பிறர் வரைந்த உருவை நிரப்பும் பழக்கம் பிள்ளையின் சொந்தப் படைப்பாற்றலைக் கெடுக்கும் என்று வன்மையாக எடுத்துரைத்தார். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நாம் இன்னும் கோப்பை வழங்கிக்கொண்டிருக்கின்றோம். லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்கரேவிச் 2012இல் ஆர்மீனியன் தெருச் சுவரில் வரைந்த, சைக்கிளில் செல்லும் இரு குழந்தைகளின் ஓவியத்தருகே நின்று படம் பிடித்துக்கொள்ள அயல்நாட்டார் வருகின்றனர். சுவரிலுள்ள குழந்தைக்கு இத்தனை சிறப்பு. அதே ஊரில் உயிரோடிருக்கும் குழந்தையின் கையில் ஒரு தூரிகை இல்லை!

பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் பள்ளியில் இடம் வேண்டும் என்பது புதுச் சரக்கன்று. ஜெர்மானியர் பிரீட்ரிக் பிரோபெல் 1837இல் பிளாங்கன்பர்க் நகரில் சிறுபிள்ளைகளுக்கென்று ஒரு நிலையம் கண்டார். அதுவே பின்னர்க் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் பெற்றது. அவர் பிள்ளையின் கையில் முதற்கண் கொடுத்த பொருள் யாது? எழுத்தட்டையன்று, கம்பளி நூலால் செய்த ஆறு பந்துகள். சிவப்பு, மஞ்சள், நீலம், அவற்றின் கலப்பாகிய செம்மஞ்சள், பச்சை, ஊதா என ஆறு நிறம். மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலம் முழுதும் இந்தியாவிலேயே தங்கினார். அவர் வகுத்த வண்ணப் பலகைகளைப் பிள்ளை தானே ஒப்பிட்டு, கருமை மிக்கதிலிருந்து வெளிறியதுவரை வரிசைப்படுத்துகிறது. பிழையைக் கண்டு திருத்துவதும் பிள்ளையின் கண்ணே, ஆசிரியரின் பிரம்பன்று. எனினும் பலகைகள் ஒன்றோடொன்று கலவா. ஆதலின் அங்கே நின்றுவிடாமல் நாம் வண்ணக் குழம்புக்கு வருதல் வேண்டும்.

அதற்கு இந்த ஜார்ஜ் டவுனைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? தீபாவளிக் காலத்தில் இங்குள்ள பேரங்காடிகளில் சாயமிட்ட அரிசியால் கோலம் இடுகின்றனர். சிவப்பரிசியையும் மஞ்சளரிசியையும் ஒரு பிடி கலந்து தரையில் பரப்புங்கள். குனிந்து பார்த்தால் இரண்டு நிறம். மாடியிலிருந்து பார்த்தால் செம்மஞ்சள்! அரிசி மாறவில்லை, கலப்பு நம் கண்ணில் நிகழ்ந்தது. பிரெஞ்சு ஓவியர் செரா, 1884 முதல் 1886 வரை பாடுபட்டு, சிறு சிறு நிறப்புள்ளிகளால் ஒரு பேரோவியத்தையே இந்நெறியில் தீட்டி முடித்தார். நம் பெண்மணிகள் அதே வித்தையை அரிசியால் செய்கின்றனர். ஆனால் அருகே நிற்கும் பிள்ளைக்கு "மிதிக்காதே" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை.

மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு கரைத்தால் ஆலத்தி நீர் சிவக்கிறது. மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் வெளிறிய மஞ்சளன்றோ வரவேண்டும்? அட்டை இங்கே வாயடைத்துப் போகிறது. சுண்ணாம்பின் காரம் மஞ்சளின் தன்மையையே மாற்றுவதால் நிறம் மாறுகிறது. எலுமிச்சைச் சாறு போதிய அளவு விட்டால் சிவப்பு மறைந்து மஞ்சள் மீள்கிறது. இந்நகரத்து ஞோன்யா பலகாரங்களுக்கு நீலம் தரும் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து, அதிலே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நீலம் ஊதாவாகிறது. கண்ணேறு கழிக்கும் நீர் சிவப்பதில் தெய்வச் செயல் ஒன்றுமில்லை என்பதை மூன்று மணி நேரச் சொற்பொழிவைவிட ஒரு கிண்ணமும் ஒரு எலுமிச்சையும் தெளிவாகக் காட்டிவிடும். சுண்ணாம்பு சுடும், ஆகவே அதனைப் பெரியோர் தம் கையாலேயே கரைக்கவேண்டும்.

பிள்ளைகள் ஓயாது நோக்கும் கைத்தொலைபேசியும் இதற்கு உதவும். ஒளிரும் திரைமேல் ஒரு சிறு நீர்த்துளியை வைத்து உற்று நோக்கினால், சிவப்பு, பச்சை, நீலம் என்னும் நுண்புள்ளிகள் தெரியும். ஒளியைக் கலக்கும்போது சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள்! மாக்ஸ்வெல் 1861இல் இம்மூன்று நிற ஒளிகளைக்கொண்டே வண்ண நிழற்படத்தை உலகுக்குக் காட்டினார். ஆக, வண்ணக் குழம்பின் கலப்பு வேறு, ஒளியின் கலப்பு வேறு, கண்ணின் கலப்பு வேறு, பொருளே மாறுவது வேறு. சிறுபிள்ளைக்கு இவற்றின் காரணங்கள் இப்போது வேண்டா. ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை என்னும் வியப்பே போதும். காரணத்தைத் தேடும் ஆசையை அவ்வியப்பு பின்னர்க் கொண்டுவரும்.

இவை அனைத்தினும் எம் நெஞ்சைச் சுடுவது ஒன்றுண்டு. எந்தப் பாலர் வகுப்பிலேனும் சென்று, "உன் முகத்தை வரை" என்று சொல்லிப் பாருங்கள். நம் பிள்ளைகளுள் பலர் பெட்டியைத் துழாவி, வெளிறிய ரோஜா கலந்த மஞ்சட் குச்சி ஒன்றை எடுப்பர். அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'ஸ்கின் கலர்', அதாவது தோல் நிறம். யாருடைய தோல்? அதைப் பிடித்திருக்கும் கையின் தோலா? அமெரிக்கக் கிரயோலா கம்பெனியார் தம் கிரேயான் ஒன்றுக்குச் சதை நிறம் என்று பெயரிட்டு விற்று வந்தனர். 1962இல் அப்பெயரை நீக்கிப் பீச் பழத்தின் பெயரை இட்டனர். 2020இல் உலக மக்களின் தோல் நிறங்கள் என்று 24 குச்சிகள் வெளியிட்டனர். விற்றவரே விட்டொழித்த பெயரை நம் பிள்ளைகள் இன்னும் சுமந்து திரிகின்றனர். தன் கையின் நிறம் தோல் நிறமன்று என்று ஐந்து வயதில் ஒப்புக்கொண்ட பிள்ளைதான், பின்னர் வெளுப்புக் களிம்புக்குக் காசு கொடுக்கிறது. சிவந்த பெண் வேண்டும் என்று மணமகள் தேடுகிறது.

இதற்கு மருந்து 24 குச்சிகளா? வேண்டா. அந்த மூன்று வண்ணங்களும் வெள்ளையும் போதும். செம்மஞ்சளில் சிறிது நீலம் சேர்த்தால் பழுப்பு வரும். பிள்ளை அதைத் தன் புறங்கையருகே வைத்துப் பார்க்கட்டும். கறுப்பு மிகுந்ததா? வெள்ளையும் மஞ்சளும் ஒரு துளி. வெளிறியதா? சிவப்பும் நீலமும் ஒரு துளி. தன் கையின் நிறத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தை ஒருமுறை பாருங்கள். அருகே அமர்ந்த சீனப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் அதே நான்கு குப்பிகளிலிருந்தே தத்தம் முகத்தைக் குழைத்தெடுப்பர். அளவுதான் வேறு, பொருள் ஒன்றே. சாதியையும் நிறத்தையும் பற்றி நாம் எழுதிக் குவித்த கட்டுரைகள் அனைத்தும் சொல்ல முயன்றது இதுவன்றோ? சேறு என்று பிள்ளை அழைத்ததையும், பிழை என்று ஆசிரியர் கொட்டச் சொன்னதையும் இப்போது மீண்டும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பழுப்பு தோட்டத்து மண்ணின் நிறம். நம் தோலின் நிறம்.

மறுப்புரைகள் சிலவற்றுக்கு விடை கூறுவோம். கணிதமும் அறிவியலும் இருக்க ஓவியம் எதற்கு என்பர். பத்துத் துளி மஞ்சளைப் பச்சையாக்க ஒரு துளி நீலம் போதும். ஒரு துளி மஞ்சளால் பத்துத் துளி நீலத்தை அசைக்கவும் முடியாது. விகிதம் என்னும் கணிதம் இதுவே. முன்னறிந்து கூறிச் செய்து சோதித்தல் என்னும் அறிவியலும் இதுவே. தேர்வு இருக்கிறதே என்பர். ஆறாம் ஆண்டுத் தேர்வாகிய யு.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிக்கப்பட்டது; தேர்வு ஒழிந்தும் தேர்வுப் புத்தி ஒழியவில்லை என்றால் குற்றம் அரசாங்கத்தினுடையதன்று. செலவு மிகும் என்பர். நான்கு வண்ணக் குப்பிகளின் விலை ஒரு போட்டிக் கோப்பையின் விலையினும் மிகாது. உடை அழுக்காகும் என்பர். ஆகும், துவைக்கலாம். அறிவில் படிந்த அழுக்கைத் துவைப்பதுதான் அரிது.

செய்யவேண்டிய முறை எளிது. பழைய செய்தித்தாளை விரியுங்கள். முட்டை அட்டையின் குழிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஒவ்வொரு சிறு கரண்டி இடுங்கள். தூரிகை கழுவ ஒரு கிண்ணம், அலச மற்றொரு கிண்ணம் வையுங்கள். என்ன வரும் என்று பிள்ளையை முதலில் சொல்லச் சொல்லுங்கள். பின் கலக்கச் சொல்லுங்கள். வெளிறியதில் கருநிறத்தைத் துளித் துளியாய்ச் சேர்க்கப் பழக்குங்கள். மாறாகச் செய்தால் வண்ணமெல்லாம் வீணாகும். வந்ததற்குப் பெயர் வைக்கும் உரிமையையும் பிள்ளைக்கே கொடுங்கள். செம்மஞ்சள், கருநீலம், இளம்பச்சை என்று தமிழே நிறச்சொற்களைக் கலந்து புதுச்சொல் ஆக்கும் மொழி. கையால் கலந்த பிள்ளைக்கு அச்சொற்களின் பொருள் விளக்கமின்றியே விளங்கும். மாமரத் தளிர் நிறம், கித்தா இலைச் சருகு நிறம் என்று பிள்ளை சொன்னால் அதையும் எழுதி ஒட்டுங்கள். ஆசிரியர் செய்யத்தகாதது ஒன்றே: விடையை முன்னே சொல்லுதல். சேறு வந்தால் சேறு என்றே எழுதுங்கள், அடுத்து, "வேறு சிவப்பை எடுத்துப் பார்ப்போமா?" என்று கேளுங்கள்.

பள்ளி வாரியத்தாரே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரே, தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் தாய் தந்தையரே! வரும் பொங்கல் விழாவில் அச்சிட்ட பானையைப் பிள்ளைமுன் நீட்டாதீர். வெள்ளைத் தாளும் நான்கு வண்ணமும் கொடுத்து, "உன் கையின் நிறத்தைக் கண்டுபிடி" என்று சொல்லுங்கள். முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று எவரும் தரம் பிரிக்க வேண்டா; எல்லாத் தாள்களையும் மண்டபச் சுவரில் வரிசையாய் ஒட்டிவையுங்கள். வகுப்பறை நிற அட்டையைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. பிள்ளை தன் கையால் கலந்து பார்த்த பின்னர், அட்டை சொல்வது சரியா என்று அதனோடு ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும். அந்தத் தீர்ப்பைக் கேட்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்பதே இனிக் கேள்வி.